ஒரே படலம், இரண்டு அளவீடுகள்: திண்ம பாலிமர் மின்பகுளியின் வெப்ப வரலாறு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மின்கலத்தின் இரு மின்முனைகளுக்கு இடையே அயனிகளைக் கடத்தும் பொருளே மின்பகுளி. பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற பாலிமரில் லித்தியம் உப்பைக் கரைத்து வார்த்த, அத்தகைய திண்ம மின்பகுளிப் படலம் ஒன்றை அறை வெப்பநிலையிலிருந்து 45 டிகிரி செல்சியஸுக்கு உயர்த்தி அதன் அயனிக் கடத்துத்திறனை அளக்கிறோம் என்று கொள்வோம். பிறகு அதே படலத்தை 100 டிகிரி வரை சூடேற்றி, மீண்டும் 45 டிகிரிக்கு இறக்கி அளக்கிறோம். பொருள் மாறவில்லை, உப்பின் அளவு மாறவில்லை, மின்முனைகளும் கருவியும் மாறவில்லை. ஆனாலும் இரண்டாவது எண் முதல் எண்ணைவிடப் பல மடங்கு உயர்ந்திருக்கும். படலத்தை அப்படியே அறை வெப்பநிலையில் சில நாட்கள் வைத்துவிட்டு மறுபடி அளந்தால், எண் பழைய இடத்தை நோக்கி இறங்கியிருக்கும். இம்மூன்று அளவீடுகளில் எது அந்தப் படலத்தின் கடத்துத்திறன் என்ற கேள்விக்கு, மூன்றுமே என்பதுதான் நேர்மையான விடை. இவ்வகைப் பொருளில் கடத்துத்திறன் என்பது கலவையின் பண்பு மட்டும் அன்று. அக்கலவை எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் இருந்தது, எப்படி ஆறியது என்பதன் பதிவும் ஆகும். அந்தப் பதிவு எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை, நன்கு ஆராயப்பட்ட ஓர் அமைப்பான பாலிஎத்திலீன் ஆக்சைடு–லித்தியம் ட்ரைஃபிளேட் படலத்தைக் (ட்ரைஃபிளேட் என்பது இந்த உப்பில் லித்தியத்தோடு இணைந்திருக்கும் எதிர்மின் அயனி) கொண்டு இங்கே பார்க்கலாம்.

பொருளும் அதன் முன்கதையும்

பாலிஎத்திலீன் ஆக்சைடு என்பது இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன் என்ற அலகு ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும் நெடுஞ்சங்கிலி. ஆக்சிஜன்களுக்கு இடையிலுள்ள தொலைவு, லித்தியம், சோடியம் போன்ற நேரயனிகளைச் சங்கிலி வளைத்துப் பிடித்துக்கொள்வதற்குத் தோதாக அமைந்திருக்கிறது. 1973இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபென்டன், பார்க்கர், ரைட் ஆகிய மூவரும் கார உலோக உப்புகள் இப்பாலிமரோடு அணைவுகளை, அதாவது உப்பும் பாலிமரும் பிணைந்த சேர்மங்களை, உண்டாக்குகின்றன என்று வெளியிட்டனர். 1975இல் ரைட் அவற்றின் மின்கடத்தல் பற்றி எழுதினார். 1978இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் கூடிய திண்ம மின்பகுளி மாநாட்டில், இதையே மின்கலத்தின் மின்பகுளியாகப் பயன்படுத்தலாம் என்று மிஷெல் அர்மான் முன்மொழிந்தார். திரவம் கசியாத, மெல்லிய தாளைப் போல் சுருட்டி வைக்கத்தக்க மின்பகுளி என்பது அன்றைக்குப் பெரிய கவர்ச்சியாக இருந்தது.

தொடக்க ஆண்டுகளில் இக்கடத்தலைப் பலர் படிகத்தின் வேலை என்றே நினைத்தார்கள். சங்கிலி திருகுசுருளாகச் சுற்றியிருக்க, அதன் உட்குழாய் வழியே அயனிகள் வரிசையாக நகர்கின்றன என்ற படம் மனத்துக்கு எளிதாகப் பிடிபட்டது. 1983இல் பிரான்சின் கிரெனோபிளில் பெர்த்தியேயும் உடன் பணியாற்றியோரும் அணுக்கரு காந்த ஒத்திசைவு முறையில் ஆராய்ந்து, அயனிகள் விரைந்து நகர்வது படிகப் பகுதியில் அன்று, ஒழுங்கற்ற பகுதியிலேயே என்று காட்டியபோது அந்தப் படம் கலைந்தது. வெப்பம் ஏன் இப்பொருளை இவ்வளவு ஆட்டிப்படைக்கிறது என்ற கேள்வியின் சாவி இந்த முடிவில்தான் இருக்கிறது. பாலிமர் உறைந்திருக்கையில் அதன் பெரும்பகுதி படிகம். அயனிகளுக்கு எஞ்சுவது படிகங்களுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய, வளைந்து நெளிந்த சந்துகள் மட்டுமே. (2001இல், அதே செயின்ட் ஆண்ட்ரூஸில், புரூஸ் குழுவினர் ஆறு ஆக்சிஜனுக்கு ஒரு லித்தியம் என்ற விகிதத்திலான ஒரு குறிப்பிட்ட படிக அணைவு, அதன் ஒழுங்கற்ற வடிவத்தைவிட நன்றாகக் கடத்துகிறது என்று காட்டியது உண்மை. ஆனால் அது வேறு உப்பு, வேறு அமைப்பு. நாம் பேசும் படலத்துக்கு அந்தச் சலுகை இல்லை.)

படலம் உருவாகும் விதம்

ஒரு லித்தியம் அயனிக்கு இருபது ஆக்சிஜன் என்ற விகிதம் வேண்டுமானால், ஒரு கிராம் பாலிமருக்கு 0.177 கிராம் லித்தியம் ட்ரைஃபிளேட் நிறுத்துச் சேர்க்க வேண்டும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால் நிறுப்பதே, ஈரமற்ற வாயு நிரப்பிய, கையுறை வழியே வேலை செய்யும் மூடிய பெட்டியான குளோவ் பாக்ஸுக்குள்தான். இரண்டையும் அசிட்டோநைட்ரைலில் இட்டுப் பல மணி நேரம் கலக்கினால், தேன் பதத்தில் ஒரு பாகு கிடைக்கும். அதை டெஃப்லான் தட்டில் ஊற்றி மெதுவாக உலரவிட்டு, பின்னர் வெற்றிட அடுப்பில் 50 டிகிரியில் ஓரிரு நாட்கள் வைப்பது பரவலான வழக்கம். தட்டிலிருந்து உரித்தெடுக்கும்போது படலம் பால் கலந்தாற்போல் வெண்மையாக இருக்கும். அந்த வெண்மை படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. முனைவாக்கும் நுண்ணோக்கியில் வைத்தால், ஒவ்வொரு படிகக் கோளத்தின் மேலும் ஒரு கருஞ்சிலுவை விரிந்து, தளம் பாவியதைப் போல் ஒன்றையொன்று முட்டி நிற்பதைக் காணலாம்.

ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒற்றை வரியில் கடந்துவிடும் இந்த உலர்த்தும் படியில் நிற்க வேண்டியிருக்கிறது. 50 டிகிரி என்பது இப்பாலிமரின் உருகுநிலையான சுமார் 65 டிகிரிக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அந்த வெப்பநிலையில் சங்கிலிகளுக்கு அசைவும் உண்டு, படிகத்தில் சேர்ந்துகொள்ளும் நாட்டமும் உண்டு; எனவே மெல்லிய படிகத் தகடுகள் தடித்து, குறைபாடுகள் நீங்கி, மொத்தப் படிகப் பங்கு கூடுகிறது. கரைப்பானையும் ஈரத்தையும் வெளியேற்றுகிறோம் என்று நினைத்துச் செய்யும் வேலை, அதே மூச்சில் பாலிமரைப் பதப்படுத்தும் வேலையாகவும் ஆகிவிடுகிறது. உலர்த்திய பிறகு அறை வெப்பநிலைக் கடத்துத்திறன் விழுவதைக் கண்டு ஈரம் போய்விட்டது என்று மட்டும் விளக்கம் எழுதுவது பாதி விளக்கமே. ஈரமும் போயிருக்கிறது, படிகமும் கூடியிருக்கிறது; இரண்டும் எண்ணை ஒரே திசையில் இழுக்கின்றன. இவற்றைப் பிரித்தறிய விரும்புகிறவர், உலர்ந்த அதே படலத்தை உருக்கி ஆறவிட்டு மறுபடி அளந்து பார்க்க வேண்டும். ஈரமின்மை அப்படியே இருக்க, படிகம் மட்டும் மாறியிருக்கும்.

முதல் சூடேற்றம்

படலத்தை இரண்டு துருப்பிடிக்காத எஃகு வட்டுகளுக்கு இடையே வைத்து, சிறு மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்து, அதிர்வெண்ணை மெகாஹெர்ட்ஸிலிருந்து படிப்படியாக இறக்கி இம்பிடன்ஸை (மாறுதிசை மின்னோட்டத்துக்குப் படலம் காட்டும் எதிர்ப்பை) அளப்பதே வழக்கமான முறை. குளிர்ந்த படலத்தில் வரைபடம் ஓர் அரைவட்டமாகத் தொடங்கி, பின் சாய்ந்த கோடாக மேலேறும். அரைவட்டம் கிடைமட்ட அச்சைத் தொடும் இடம் படலத்தின் மின்தடை. சாய்ந்த கோடு, அயனிகள் எஃகைத் தாண்ட முடியாமல் அதன் வாசலில் குவிவதைக் காட்டுகிறது. 100 மைக்ரோமீட்டர் தடிமனும் ஒரு சதுர செ.மீ. பரப்பும் உள்ள படலத்தின் கடத்துத்திறன் 10⁻⁷ சீமென்ஸ்/செ.மீ. என்றால், அரைவட்டம் ஒரு லட்சம் ஓமில் முடியும்.

வெப்பநிலையைப் பத்துப் பத்து டிகிரியாக உயர்த்தும்போது அரைவட்டம் சுருங்கிக்கொண்டே வரும். கடத்துத்திறனின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைந்தால், 55 டிகிரி வரை ஏறத்தாழ நேர்கோடு. 60ஐ ஒட்டி அந்தக் கோடு முழங்காலைப் போல் மடங்கிச் சட்டென்று மேலே எழும்பும். 65ஐத் தாண்டியதும் வளைவு மென்மையாகி, 80 முதல் 100 டிகிரிக்குள் 10⁻⁴ சீமென்ஸ்/செ.மீ.யைக் கடந்துவிடும். பார்த்துக்கொண்டிருக்கையிலேயே வெண்படலம் கண்ணாடிபோல் தெளிவதும் இதே நேரத்தில்தான். இம்பிடன்ஸ் வரைபடத்திலோ அரைவட்டம் முற்றிலும் காணாமல் போய், சாய்ந்த கோடு மட்டும் எஞ்சும். முதன்முறை அளப்பவர்கள் இங்கே கருவி பழுது என்று அஞ்சுவதுண்டு. பழுதில்லை, கணக்குப் போட்டால் விளங்கும். மின்காப்பு மாறிலியை (மின்புலத்தில் பொருள் மின்னேற்றத்தைத் தேக்கும் திறனின் அளவை) 5 எனக் கொண்டால், கடத்துத்திறன் 10⁻⁷ ஆக இருக்கையில் அரைவட்டத்தின் உச்சி சுமார் 36 கிலோஹெர்ட்ஸில் வரும். 10⁻⁴ ஆனதும் அது 36 மெகாஹெர்ட்ஸுக்கு ஓடிவிடும். ஒரு மெகாஹெர்ட்ஸ் வரையே எட்டும் கருவியின் கண்ணுக்கு அது தென்படாது.

முழங்காலுக்குக் காரணம் பாலிமர்ப் படிகங்கள் உருகுவது என்பது சரியான விடை, ஆனால் முழு விடை அன்று. லித்தியம் ட்ரைஃபிளேட் இப்பாலிமரோடு சேர்ந்து, மூன்று ஆக்சிஜனுக்கு ஒரு லித்தியம் என்ற விகிதத்தில் தனிப் படிக அணைவு ஒன்றையும் உண்டாக்குகிறது. 1993இல் லைட்ஃபுட், மேத்தா, புரூஸ் ஆகியோர் அதன் கட்டமைப்பைத் தீர்த்தனர்: ஒவ்வொரு லித்தியமும் சங்கிலியின் மூன்று ஆக்சிஜன்களாலும், இரண்டு ட்ரைஃபிளேட் அயனிகளிலிருந்து வரும் இரண்டு ஆக்சிஜன்களாலும் பூட்டப்பட்டிருக்கிறது. இந்த அணைவின் உருகுநிலை பாலிமரின் உருகுநிலையைவிட நூறு டிகிரிக்கும் மேல் உயர்ந்தது. ஆக, இருபதுக்கு ஒன்று படலம் முழுமையாக உறையுமானால், இருபது அலகுகளில் மூன்று இந்த அணைவுக்குள் எல்லா லித்தியத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும்; மிஞ்சும் பதினேழும் உப்பில்லாத வெறும் பாலிமராக உறையும். அப்படி நடந்தால் ஓடுவதற்கு அயனியும் இல்லை, ஓடும் வழியும் இல்லை. நடைமுறையில் உறைதல் ஒருபோதும் முழுமையடைவதில்லை என்பதால்தான் அறை வெப்பநிலையிலும் சிறிதளவு கடத்தல் எஞ்சுகிறது. 65 டிகிரியில் வெறும் பாலிமர் உருகி வழியைத் திறந்துவிடுகிறது. அதன் பிறகு வெப்பநிலை ஏற ஏற, அந்த உருகலுக்குள் அணைவுப் படிகங்கள் கரைந்து புதிய அயனிகளை வழியில் இறக்கிவிடுகின்றன. வழி திறப்பதும் ஆட்கள் வந்து சேர்வதும் ஒரே கணத்தில் நடப்பவை அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், 70 டிகிரியில் ஐந்து நிமிடம் நிறுத்தியவரின் எண்ணும் ஒரு மணி நேரம் நிறுத்தியவரின் எண்ணும் ஏன் ஒத்துவராது என்பது புரிந்துவிடும்.

உருகிய நிலையில் கடத்தலின் இயல்பே வேறு. லித்தியம் தனியாகத் துள்ளிச் செல்வதில்லை. சங்கிலித் துண்டுகள் அசைந்து நெளியும்போது, ஒரு ஆக்சிஜன் கூட்டத்தின் பிடி தளர்ந்து அடுத்த கூட்டத்தின் பிடிக்குள் போகிறது. எனவே கடத்தல் சங்கிலியின் நெகிழ்வைப் பின்தொடர்கிறது. வரைபடம் நேர்கோடாக இல்லாமல் வளைவதற்கும், சங்கிலி அசைவு வெப்பநிலையோடு மாறும் விதத்தைச் சொல்லும் வோகல்–தாம்மன்–ஃபுல்ச்சர் சமன்பாடு அதற்குப் பொருந்துவதற்கும் இதுவே காரணம். கூடவே எதிரயனியும், அதாவது ட்ரைஃபிளேட்டும், வேகமெடுக்கிறது என்பதால், கடத்துத்திறன் ஏறியதெல்லாம் லித்தியத்தின் கணக்கில் வரவாகாது.

ஆறும்போது நடப்பது

நெய் உருக்குகிறவர்களுக்கு இந்தப் பகுதி புதிதாக இராது. உருக்கிய நெய்யை மெதுவாக ஆறவிட்டால் மணல் மணலாக உறையும். குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சட்டென்று ஆற்றினால் வழுவழுவென்று உறையும். பொருள் ஒன்றே, ஆறிய விதம் வேறு.

படலத்தை 100 டிகிரியிலிருந்து இறக்கும்போது 65இல் முழங்கால் தென்படாது. உருகிய நிலையின் மென்மையான வளைவே கீழே தொடர்ந்து செல்லும். 50, 45 என்று இறங்கிய பின்னரே உறைதல் வேகம் பிடித்துக் கோடு சரியத் தொடங்கும். படிக விதை தோன்றுவதற்கு உருகுநிலைக்குக் கீழே போதுமான குளிர்ச்சி வேண்டும் என்பதே காரணம். உப்பு இதில் இன்னொரு தடை: லித்தியத்தைப் பிடித்திருக்கும் சங்கிலி விறைப்பாக இருக்கிறது, படிகத்தில் சேர வேண்டுமானால் முதலில் பிடியை விட வேண்டும். ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் நடுவில் ஓர் இடைவெளி விடுவது இதனால்தான். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இரண்டு 45 டிகிரி எண்களும் அந்த இடைவெளியின் மேற்கரையும் கீழ்க்கரையும் ஆகும்.

இடைவெளியின் அகலம் எந்த உச்சம் வரை சூடேற்றினோம் என்பதையும் பொறுத்தது. 70 டிகிரியோடு திரும்பிவிட்டால், கரையாத அணைவுப் படிகங்களும் முழுதாகக் கலையாத பாலிமர் ஒழுங்குகளும் உருகலுக்குள் விதைகளாகத் தங்கி, ஆறும்போது உறைதலை விரைவாகத் தொடங்கிவைக்கும். 100 டிகிரியில் நீண்ட நேரம் வைத்துத் திரும்பினால் விதைகள் குறைவு, உறைதல் தாமதம், இடைவெளி அகலம். திரவ நைட்ரஜனில் அமிழ்த்திச் சட்டெனக் குளிர்விப்பதும் உண்டு. ஒழுங்கின்மையை அது சிறைபிடிக்கும். ஆனால் இப்பாலிமரின் கண்ணாடி நிலைமாற்றம் (சங்கிலிகளின் அசைவு நின்றுபோகும் வெப்பநிலை) பூச்சியத்துக்குக் கீழே 60 டிகிரியை ஒட்டி இருப்பதால், அறை வெப்பநிலைக்கு மீட்டதும் சங்கிலிகளுக்கு அசைவு திரும்பி உறைதல் தொடங்கிவிடும். எனவே சட்டெனக் குளிர்வித்ததால் கடத்துத்திறன் உயர்ந்தது என்ற கூற்றோடு, குளிர்வித்து எத்தனை நேரம் கழித்து அளந்தது என்பதும் சொல்லப்படாவிட்டால் அந்தக் கூற்றை என்னால் ஏற்க முடிவதில்லை.

வெப்பத்தின் பெயரில் நுழையும் பிழைகள்

சூடேற்றியபின் எண் உயர்ந்தது என்பதாலேயே படிகம் குறைந்தது என்று முடிவு கட்ட முடியாது. வார்த்த படலத்தின் முகம் முழுச் சமதளம் அன்று. எஃகு வட்டில் அது ஆங்காங்கே மட்டுமே தொடுகிறது. உருகியதும் பாலிமர் வட்டின்மேல் படிந்து ஒட்டிக்கொள்கிறது. தொடர்பு மேம்பட்டதால் வந்த உயர்வு, ஆறிய பிறகும் நாள்கணக்கில் இறங்காது. உறைதலால் வரும் மாற்றம் இறங்கும். இரண்டையும் பிரிக்கக் காலமே நல்ல அளவுகோல்.

தடிமன் இன்னொரு பொறி. சுருள்வில் அழுத்தத்தில் இருக்கும் உருகிய படலம் பக்கவாட்டில் பிதுங்கும். 100 மைக்ரோமீட்டர் படலம் 80ஆக மெலிந்திருக்க, கணக்கில் 100 என்றே போட்டால், பொருளில் எந்த மாற்றமும் இல்லாமலே கடத்துத்திறன் 25 விழுக்காடு உயர்ந்ததாகத் தெரியும். அளந்து முடித்த படலத்தைப் பிரித்தெடுத்து மீண்டும் தடிமன் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. எதிர்த்திசையில், காற்று படும்படி நூறு டிகிரிக்கு மேல் நெடுநேரம் வைத்தால் ஆக்சிஜனேற்றத்தால் சங்கிலிகள் அறுபடும். அறுந்த குட்டைச் சங்கிலிகள் எளிதாக அசைவதால் கடத்துத்திறன் கொஞ்சம் உயரவும் கூடும், ஆனால் அது சிதைவின் அடையாளமே தவிர வெற்றி அன்று.

கலைந்ததைக் கலைந்தபடியே நிறுத்துவது

வெப்பம் தந்த ஒழுங்கின்மையை ஆறிய பிறகும் தக்கவைக்க முடியுமா என்ற கேள்விக்கு 1998இல் ரோமிலிருந்து ஒரு விடை வந்தது. குரோச்சே, அப்பெட்டெக்கி, பெர்சி, ஸ்குரோசாட்டி ஆகியோர், எட்டுக்கு ஒன்று விகிதத்தில் லித்தியம் பெர்குளோரேட் சேர்த்த இதே பாலிமருக்குள் 13 நானோமீட்டர் டைட்டேனியம் டைஆக்சைடு, 5.8 நானோமீட்டர் அலுமினா ஆகிய துகள்களைத் தூவினர். 50 டிகிரியில் 10⁻⁴, 30 டிகிரியில் 10⁻⁵ சீமென்ஸ்/செ.மீ. என்ற அளவில் கடத்துத்திறன் கிடைத்தது. எண்களைவிட அவர்கள் தந்த விளக்கம்தான் நம் ஆய்வுக்கு முக்கியம்: துகள்கள் தாமாகவே படிகத்தைக் கலைத்துவிடவில்லை. படலத்தை ஒருமுறை 60 டிகிரிக்கு மேல் சூடேற்றிப் பாலிமரைக் கலைத்த பிறகே பலன் முழுமையாகத் தெரிந்தது. ஆறும்போது சங்கிலிகள் மீண்டும் அணிவகுப்பதைத் துகள்களின் பரப்பு தடுத்தது. கலைப்பது வெப்பத்தின் வேலை. கலைந்ததைக் காப்பது துகளின் வேலை. துகள் சேர்த்தும் பலனில்லை என்று சொல்வோர் முதல் சூடேற்றத்தைச் செய்தார்களா என்று கேட்பது நியாயமே.

இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் இவ்வமைப்பு தொடர்ந்து ஆராயப்பட்டிருக்கிறது. அப்போது அங்கிருந்த திசாநாயக்கவும் அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஃபிரெக்கும் 1995இல் பாலிஎத்திலீன் ஆக்சைடு–லித்தியம் ட்ரைஃபிளேட்டின் நிலைமாற்றங்களை அகச்சிவப்பு நிறமாலையால் பின்தொடர்ந்தனர். 2003இல் திசாநாயக்க குழுவினர், ஒன்பது ஆக்சிஜனுக்கு ஒரு லித்தியம் என்ற விகிதத்திலான இதே அமைப்பில் அலுமினா சேர்த்து, துகளின் அளவும் பரப்பும் கடத்துத்திறனை எப்படி மாற்றுகின்றன என்று வெளியிட்டனர்.

இன்னொரு வழி, உப்பையே மாற்றுவது. ட்ரைஃபிளேட்டைவிடப் பருத்த, மின்னேற்றம் பரவிக் கிடக்கும் எதிரயனியைக் கொண்ட லித்தியம் இமைடு உப்பு, சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவை அணிவகுப்பதைக் குழப்புகிறது; உறைதல் வெகுவாகத் தாமதிக்கிறது. ஆனாலும் அறை வெப்பநிலையில் வண்டி ஓட்டும் அளவுக்கு அது போதவில்லை. 2011 டிசம்பர் முதல் 2018 ஜூலை வரை பாரிஸ் தெருக்களில் ஓடிய ஆட்டோலிப் வாடகைக் கார்களில், இப்பாலிமர்க் குடும்பத்து மின்பகுளியைக் கொண்ட 30 கிலோவாட்–மணி லித்தியம் உலோக மின்கலத் தொகுதிகள் இருந்தன. அந்தத் தொழில்நுட்பம் உறைதலோடு போராடவே இல்லை. மின்கலத்தை 60 முதல் 80 டிகிரி வரையிலான சூட்டிலேயே வைத்துக்கொண்டது. காரணம் ஒரு சிறு கணக்கில் தெரிந்துவிடும். 20 மைக்ரோமீட்டர் மென்படலத்தின் கடத்துத்திறன் 10⁻⁷ ஆகக் குளிர்ந்திருந்தால், சதுர செ.மீ.க்கு ஒரு மில்லிஆம்பியர் செலுத்த அப்படலத்துக்கு மட்டுமே 20 வோல்ட் வேண்டும். லித்தியம்–இரும்பு பாஸ்பேட் மின்கலம் தருவதோ ஏறத்தாழ 3.4 வோல்ட். அதே படலம் சூடாகி 10⁻³ஐ எட்டினால் இழப்பு 2 மில்லிவோல்ட். ஆகவே அந்தக் கார்கள் ஓடாமல் நிற்கும் நேரத்திலும், மின்கலத்தின் சூடு ஆறாமல் காக்க மின்சாரத்தைச் செலவிட்டுக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது.